கும்பகோணத்திலிருந்து ட்ராக்குக்கு: பழைய இசட்4-க்குக் கட்டுப்படியாகும் டயர் எது?

குடந்தை_ரோட்ஸ்டர்
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 எடுத்திருக்கிறேன். ஈ89 மாடல், எஸ்டிரைவ்35ஐ. 3 லிட்டர் ட்வின் டர்போ, 306 குதிரைத்திறன், பின்சக்கர இயக்கம். கொடுத்தவர் வண்டியை நன்றாகத்தான் வைத்திருந்தார், டயரைத் தவிர. முன்னால் 225/40 ஆர்18, பின்னால் 255/35 ஆர்18, நான்கும் ரன்ஃப்ளாட் (காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் வகை). பின் ஜோடி தேய்மானக் கோட்டைத் தொட்டுவிட்டது. முன் ஜோடியில் பட்டன் இருக்கிறது, ஆனால் ரப்பர் இறுகிப்போய் நகத்தால் அழுத்தினால் தடம்கூட விழவில்லை.

பயன்பாடு இதுதான்: ஞாயிற்றுக்கிழமைகளில் தஞ்சாவூர், திருச்சி பக்கம். அப்புறம் வருஷத்துக்கு இரண்டு மூன்று ட்ராக் டே (சொந்த வண்டியை ரேஸ் ட்ராக்கில் ஓட்டும் நாள்), சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில், முடிந்தால் கோவை கரி ஸ்பீட்வேயிலும். டிரெய்லர் கிடையாது. போகிற டயரிலேயே ட்ராக்கில் ஓட்டி, அதே டயரில் வீடு திரும்ப வேண்டும். நான்கு டயருக்கும் சேர்த்து எழுபதாயிரம் ஒதுக்கியிருக்கிறேன். என்ன போடலாம்?

மன்னை_மைனர்
எழுபதாயிரத்துக்கு எங்கள் பக்கம் ஒரு நல்ல மாட்டையே பிடித்து வந்துவிடலாம். அது டயரும் கேட்காது.

பூந்தமல்லி_பிட்ஸ்டாப்
டிரெட்வேர் (டயரின் தேய்மான எண்) 200-க்குக் கீழே உள்ள செமி ஸ்லிக், அதாவது பட்டன் குறைந்த ட்ராக் டயர், சந்தேகமே வேண்டாம். யோகோஹாமா ஏடி08ஆர், நான்காங் என்எஸ்-2ஆர் மாதிரி. 306 குதிரையை வைத்துக்கொண்டு சாதாரணச் சாலை டயரில் சென்னை ட்ராக்கின் சி1 வளைவுக்குள் போனால் மூன்றாவது சுற்றிலேயே டயர் கொழகொழத்துவிடும். ஸ்டியரிங் திருப்பினால் வண்டி நேராகப் போகும். ட்ராக்குக்கு என்று கிளம்பிவிட்டால் பிடிமானத்தில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது.

டயர்க்கடை_தஞ்சை
பிட்ஸ்டாப் தம்பி சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த டயரை எங்கே போய் வாங்குவது? 2020 ஜூனில் புது டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. லைசென்ஸ் இல்லாமல் கொண்டுவர முடியாது. அதற்கு முன்பிருந்தே ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நாலு பேர் கேட்கிற ட்ராக் டயருக்காக எந்தக் கம்பெனியும் அந்த முத்திரைக்கும் லைசென்ஸுக்கும் அலையாது. "ஒரு செட் கைவசம் இருக்கிறது, வேண்டுமா" என்று யாராவது போன் செய்தால் முதலில் பக்கச்சுவரில் டாட் (DOT) எழுத்துகளுக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2319 என்று இருந்தால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. நம் ஊர் வெயிலில் தகரக் கொட்டகையில் அத்தனை வருஷம் கிடந்த செமி ஸ்லிக்கைவிட, போன மாதம் வந்த சாதாரண டயர் மேல்.

டிரெட்வேர் எண்ணைப் பற்றியும் ஒன்று சொல்கிறேன். அமெரிக்காவில் டெக்சாஸ் சாலைகளில் 7,200 மைல் ஓட்டி, ஒரு ஒப்பீட்டு டயரோடு வைத்துத் தேய்மானம் பார்க்கும் சோதனை அது. கடைசியில் எண்ணை அச்சடிப்பது அரசாங்கம் இல்லை, டயர் கம்பெனியே. அதனால் ஒரே கம்பெனியின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும். ஒருவருடைய 300-ஐயும் இன்னொருவருடைய 340-ஐயும் பக்கத்தில் வைத்து அளந்தால் ஏமாந்துபோவீர்கள். பிடிமானத்தின் அளவாக அதைப் பார்க்கவே கூடாது. மழையில் எப்படி நிற்கும் என்பதை அந்த எண் சொல்வதே இல்லை.

பூந்தமல்லி_பிட்ஸ்டாப்
சரி அண்ணே, கிடைக்காது என்பது வேறு விஷயம். கிடைத்தால் அதுதான் பெஸ்ட் என்பதையாவது ஒப்புக்கொள்ளுங்கள்.

திருவாரூர்_சாலை
நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கும்பகோணத்திலிருந்து இருங்காட்டுக்கோட்டை முந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். கரி அதற்கும் மேல். ட்ராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் நூறு நூற்றைம்பது தாண்டுவது கஷ்டம். ஆக அந்த டயர் தன் ஆயுளில் பெரும்பகுதியை எங்கே கழிக்கப்போகிறது? எங்கள் சாலையில்தான்.

அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்கிறேன். நடவுக் காலத்தில் டிராக்டர்கள் கேஜ் வீலை (சேற்றில் உழ மாட்டும் இரும்புச் சக்கரம்) கழற்றாமலே தாரில் ஏறிவிடும். கலெக்டர் எச்சரிக்கை பேப்பரில் வரும், டிராக்டரும் வரும். அந்த இரும்புப் பட்டை கொத்திய தடம் சாலைக்குக் குறுக்கே வரிசையாக நிற்கும். பக்கச்சுவர் குட்டையான 35 சீரிஸ் டயரில் அதன்மேல் எழுபதில் போனால் பல்லே ஆடும். அறுப்பு வந்தால் கொள்முதல் நிலையத்தைச் சுற்றிப் பாதிச் சாலையில் நெல் காயும். விளிம்பில் கருங்கல்லை வரிசையாக வைத்திருப்பார்கள், இருட்டில் அது தெரியாது. வைக்கோல் கிடந்தால் இன்னும் மோசம்: காய்ந்த வைக்கோலில் பிரேக் போட்டால் எந்த டயரும் வழுக்கும், அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளவும் செய்யும். தாழ்வான வண்டிக்கு அந்தப் பயம் கூடுதல்.

இதற்கு மேல் ஐப்பசி, கார்த்திகை. வடகிழக்குப் பருவமழை இறங்கினால் வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் சாலையும் வாய்க்காலும் ஒரே மட்டத்தில் இருக்கும். பாதி வழவழப்பாக இருக்கிற செமி ஸ்லிக்கை அங்கே கொண்டுவந்து காட்டுங்கள், பார்ப்போம்.

மன்னை_மைனர்
நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நிற்கிற நேரத்தில் நாலு டயரையும் மாற்றியே முடித்துவிடலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கோவை_மூன்றாம்கியர்
கரியில் அடிக்கடி ஓட்டுகிறவன் என்கிற முறையில் சில விஷயம்.

முதலில், கரியும் சென்னை ட்ராக்கும் ஒன்று இல்லை. கரி 2.1 கிலோமீட்டர், நெருக்கமான வளைவுகள், இசட்4 மூச்சு விடுவதற்குள் அடுத்த பிரேக் வந்துவிடும். இருங்காட்டுக்கோட்டை 3.7 கிலோமீட்டர், வேகமான வளைவுகள், டயர் அதிக நேரம் பாரத்திலேயே இருக்கும். கடிகார முள் திசையில் ஓடுவதால் இடப்பக்க டயர்கள்தான் அடி வாங்கும், குறிப்பாக இடது முன் டயரின் வெளித்தோள். ஈ89-க்கு முன்பக்கம் ஃபேக்டரியில் கொடுத்த நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருப்பது) மிகக் குறைவு. அதனால் டயரின் நடுவில் பட்டன் நிறைய இருக்கும்போதே ஓரம் மொட்டையாகிவிடும். சஸ்பென்ஷன் ஸ்ட்ரட்டின் மேல்பக்கம் அதை ஒரே இடத்தில் நிறுத்தும் பொசிஷன் பின் (சின்ன ஊசி) ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு ஸ்ட்ரட்டை உள்பக்கம் தள்ளி முறுக்கினால் கொஞ்சம் கேம்பர் கிடைக்கும், அலைன்மென்ட் செலவைத் தவிர வேறு காசு இல்லை. விலை உயர்ந்த டயருக்குப் போகுமுன் இதைச் செய்யுங்கள்.

இரண்டாவது காற்று. பத்து டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ கூடும். நாலைந்து சுற்றில் டயர் எவ்வளவு சூடாகும் என்று நினைத்துப் பாருங்கள். சாலைக்கு வைத்த அளவிலேயே உள்ளே போனால் வெளியே வரும்போது நாற்பதைத் தொட்டிருக்கும், டயர் நடுவில் மட்டும் நிற்கும், பிடிமானம் போய்விடும். நான் ஒவ்வொரு செஷனுக்கும் பிட்டுக்கு வந்த உடனே சூட்டோடு அளந்து, 36-க்கு மேல் இருப்பதை வெளியே விடுவேன். சாயங்காலம் இதைத் திரும்ப அடிப்பதுதான் முக்கியம். டயர் ஆறியதும் இருபத்தெட்டுக்குக் கீழே இறங்கிவிடும், அப்படியே கிளம்பி நெடுஞ்சாலையில் நூறில் போகிறவர்கள் இருக்கிறார்கள். சிகரெட் லைட்டரில் சொருகுகிற சின்னக் கம்ப்ரசர் ஒன்றும் நல்ல கேஜ் ஒன்றும் இல்லாமல் ட்ராக் டேக்குப் போகாதீர்கள்.

மூன்றாவது, புத்தம்புது டயரில் ட்ராக்குக்குப் போவது வீண். எட்டு மில்லி ஆழத்தில் பட்டன் ஒவ்வொன்றும் தனித்தனியாக ஆடும், சீக்கிரம் சூடேறும், ஓரத்தில் துண்டு துண்டாகப் பிய்யும். ஐந்து மில்லிக்குத் தேய்ந்த பிறகு அதே டயர் ட்ராக்கில் வேறு டயர் மாதிரி நடந்துகொள்ளும்.

குடந்தை_ரோட்ஸ்டர்
அண்ணே, ஐந்து மில்லி ட்ராக்குக்கு நல்லது என்கிறீர்கள், திருவாரூர்_சாலை மழைக்கு ஆழம் வேண்டும் என்கிறார். இரண்டும் எப்படி ஒத்துவரும்?

டயர்க்கடை_தஞ்சை
ஒத்துவரும் தம்பி, பஞ்சாங்கத்தைப் பார்த்து டயர் வாங்கினால். என் கடையில் ஆட்கள் வழக்கமாகச் செய்வது என்ன? பழைய டயரிலேயே மழைக்காலத்தை ஒப்பேற்றிவிட்டு, பொங்கலுக்குப் புது டயர் போடுவார்கள். நீங்கள் தலைகீழாகச் செய்ய வேண்டும். புரட்டாசியில் புது டயரை மாட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை முழு ஆழத்தோடு கடந்துவிடுவீர்கள். தை பிறக்கும்போது டயர் தானாகவே கொஞ்சம் தேய்ந்து பக்குவமாகியிருக்கும். தை, மாசி, பங்குனிதான் உங்கள் ட்ராக் மாதங்கள். மழை இல்லை, சித்திரை வெயிலும் இன்னும் வரவில்லை. அடுத்த ஆவணியில் ஆழத்தை அளந்து பாருங்கள். நாலு மில்லிக்கு மேல் இருந்தால் இன்னொரு மழையைப் பார்க்கலாம். கீழே இருந்தால் புரட்டாசியில் மாற்றம். சட்டம் 1.6 மில்லி வரை விடும், ஆனால் மூன்றுக்குக் கீழே போன டயர் தண்ணீரில் மிதக்க ஆரம்பித்துவிடும்.

ரன்ஃப்ளாட் விஷயத்துக்கு வருகிறேன். இந்த வண்டியில் ஸ்டெப்னி வைக்க இடமே கிடையாது, அதனால்தான் கம்பெனி ரன்ஃப்ளாட் கொடுத்தது. காற்றே இல்லாமல் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் எண்பது கிலோமீட்டர் தூரம் போகலாம் என்பது கணக்கு. பக்கச்சுவர் தடிமனாக இருக்கும், எடை அதிகம், விலையும் அதிகம். நம் பக்கத்துப் பஞ்சர் கடையில் அதைக் கழற்றத் தெரிந்த ஆள் குறைவு. ட்ராக் சூட்டில் அந்தத் தடித்த சுவரால் பெரிய லாபம் இல்லை. சாதாரண டியூப்லெஸ்ஸுக்கு மாறுங்கள், டிக்கியில் ப்ளக் கிட்டும் கம்ப்ரசரும் போட்டுக்கொள்ளுங்கள். ஆணி ஏறினால் இரண்டும் போதும். பக்கச்சுவர் கிழிந்தால் எதுவும் உதவாது, கயிறு கட்ட வேண்டியதுதான். ஒன்று மட்டும்: இரண்டு ரன்ஃப்ளாட், இரண்டு சாதாரணம் என்று கலக்காதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேறு மாதிரி வளைந்துகொடுக்கும், வேகத்தில் அது ஆபத்து.

இப்போது உங்கள் எழுபதாயிரம். 255/35 ஆர்18 நம் பக்கம் யாரும் ஸ்டாக் வைப்பதில்லை. கேட்டால் வரவழைத்துத் தருவோம், சொல்கிற விலைதான் விலை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் 18 இன்ச் ரிம்மை விட்டு 17 இன்ச்சுக்கு இறங்குவேன். நான்கும் 225/45 ஆர்17.

பூந்தமல்லி_பிட்ஸ்டாப்
306 குதிரை பின்சக்கர வண்டிக்குப் பின்னால் 225-ஆ? அண்ணே!

டயர்க்கடை_தஞ்சை
கணக்கைப் பாருங்கள். 225/45 ஆர்17 விட்டம் 634 மில்லி. இப்போது முன்னால் இருப்பது 637, பின்னால் 636. வித்தியாசம் அரை சதவீதம்கூட இல்லை, ஸ்பீடாமீட்டருக்கோ ஏபிஎஸ்ஸுக்கோ இது தெரியவே தெரியாது. பக்கச்சுவர் 89, 90-லிருந்து 101 மில்லி ஆகிறது. அந்த ஒரு சென்டிமீட்டர் கேஜ் வீல் தடத்தில் உங்கள் ரிம்மைக் காப்பாற்றும். பல்ஜ், அதாவது பக்கச்சுவரில் வீக்கம், வந்து என் கடைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பாலானவை 35, 40 சீரிஸ்தான்.

17 இன்ச் ரிம்முக்கு எங்கும் அலைய வேண்டாம். பழைய 3 சீரிஸ் ஈ90-க்கும் இதற்கும் ஒரே 5x120 போல்ட் வட்டம், நடு ஓட்டை 72.6. ஈ90 ரிம் 8 இன்ச் அகலத்தில் செகண்ட் ஹேண்டில் கிடைக்கும். ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே தள்ளி நிற்கும் என்ற அளவு) சில மில்லி மாறும், பிரேக் கேலிப்பரில் உரசுகிறதா என்று ஒரு ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ரிம் பெண்டு இருக்கிறதா என்று பேலன்சிங் மெஷினில் போட்டும் பார்த்துவிடுங்கள்.

பெரிய லாபம் வேறு ஒன்று. முன் பின் அளவு வேறாக இருந்தால் டயரை மாற்றிப் போட முடியாது. நான்கும் ஒரே அளவானால் தேய்கிற இடது முன் டயரைப் பின்னால் அனுப்பி, பின்னால் இருப்பதை முன்னால் கொண்டுவரலாம். டயர் வாங்கும்போது மிச்சமாகும் காசைவிட இதில் மிச்சமாவது அதிகம்.

கோவை_மூன்றாம்கியர்
நான் அண்ணன் பக்கம், ஒரு எச்சரிக்கையோடு. ஈ89 ஃபேக்டரி அமைப்பில் முன்பக்கம் முதலில் வழுக்குகிற வண்டி. நான்கும் ஒரே அகலமானால் வளைவில் நன்றாகத் திரும்பும். ஆனால் வளைவு முடியுமுன் ஆக்சிலரேட்டரை மிதித்தால் பின்பக்கம் முன்பைவிடச் சீக்கிரம் கிளம்பும். முதல் ட்ராக் டேயில் டிஎஸ்சியை (வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் அமைப்பு) முழுதாக அணைக்காமல், அதைக் கொஞ்சம் தளர்த்தும் டிடிசியில் வைத்து ஓட்டுங்கள். மழையில் குறுகிய டயர் தண்ணீரை வெட்டிப் போகும், அகலமானது ஏறி மிதக்கும். எனவே டெல்டாவுக்கு 225 குறை இல்லை.

பின்னால் அகலம் வேண்டவே வேண்டும் என்றால் 255/40 ஆர்17 போடலாம். விட்டமும் 636-தான், அழகாகப் பொருந்தும். ஆனால் கிடைப்பது அரிது, மாற்றிப் போடவும் முடியாது. திரும்பவும் பழைய கதை.

நாகை_உப்புக்காற்று
டயர் பெயர் யாருமே சொல்லவில்லையே?

டயர்க்கடை_தஞ்சை
வருகிறேன். முதலில் வேகக் குறியீடு: வண்டி 250-ல் லிமிட் ஆகும். வி என்றால் 240 வரைதான், அதை விட்டுவிடுங்கள். டபிள்யூ 270, ஒய் 300. இரண்டில் எது இருந்தாலும் சரி. லோடு 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், ஒன்றரை டன் வண்டிக்கு அது தாராளம்.

மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் வரிசைதான் முதல் விருப்பம். மழைக்கும் ட்ராக்குக்கும் இரண்டுக்கும் முகம் சுளிக்காது. விலை பட்ஜெட்டின் விளிம்பில் நிற்கும், ரிம்முக்கும் காசு வேண்டுமே. அடுத்தது கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் எம்சி6. பக்கச்சுவர் கொஞ்சம் கடினம், ஸ்டியரிங் சொன்னதைக் கேட்கும். சத்தம் கொஞ்சம் இருக்கும், கூரையைத் திறந்துபோட்டு ஓட்டுகிறவருக்கு அது எங்கே கேட்கப்போகிறது? உங்கள் காசுக்கு என் ஓட்டு இதற்கு. அதற்கும் கீழே என்றால் அப்பல்லோ ஆஸ்பயர் 4ஜி. சாலையில் குறை சொல்ல முடியாது, விலையும் கட்டுப்படியாகும். ட்ராக்கில் நாலைந்து சுற்றுக்குப் பிறகு ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவிட வேண்டியிருக்கும். பொறுமை உள்ளவருக்கு அதுவே போதும், ஆரம்பத்தில் அப்படி ஓட்டிப் பழகுவது நல்லதும்கூட. டயர் எங்கே எப்படி வழுக்க ஆரம்பிக்கிறது என்று நிதானமாகச் சொல்லிக் கொடுக்கும். செமி ஸ்லிக் கடைசிவரை சொல்லாமல் இருந்துவிட்டு ஒரேயடியாகக் கைவிடும்.

2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜிஎஸ்டி 28 இல்லை, 18. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் கேள்வி கேளுங்கள்.

மன்னை_மைனர்
டிராக்டர் டயருக்கு 5 சதவீதம்தான் அண்ணே. இசட்4-ல் அதை மாட்ட முடியுமா?

திருவாரூர்_சாலை
கேஜ் வீலே மாட்டிவிடுங்கள். சேற்றிலும் போகும்.

பூந்தமல்லி_பிட்ஸ்டாப்
சிரித்து முடித்தாயிற்றா? சரி, செமி ஸ்லிக்கை விட்டுவிடுகிறேன். ஆனால் டயருக்கு மட்டும் காசைக் கொட்டிவிட்டுப் பிரேக் ஆயிலை மறக்காதீர்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி, ஆயில் எப்போது மாற்றியது என்று யாருக்குத் தெரியும்? அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், கொதிநிலை இறங்கும். சென்னை ட்ராக்கின் நேர்கோட்டு முடிவில் பெடல் அடிவரை இறங்கினால் எந்த டயர் போட்டிருந்தாலும் ஒன்றுதான். புது டாட் 4 பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம் இன்ஷூரன்ஸ்: சாதாரண பாலிசியில் ரேஸ், வேகச் சோதனை எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். ட்ராக்கில் சுவரை முத்தமிட்டால் செலவு உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

நாகை_உப்புக்காற்று
மிஷ்லின் பாதி விலைக்கு, கொஞ்சம் ஓடியது, பெரிய வண்டிகளில் கழற்றியது என்று சென்னையில் விற்கிறார்களே. அது எப்படி?

டயர்க்கடை_தஞ்சை
ஊருக்குள் ஓட்டுகிற வண்டிக்கு யாராவது கேட்டால் பார்த்துச் சொல்வேன். ட்ராக்குக்கு வேண்டவே வேண்டாம். உள்ளே ஒட்டுப் போட்டிருக்கிறதா, ஒருமுறை காற்றில்லாமல் ஓடி உள்சுவர் வெந்திருக்கிறதா என்பது ரிம்மில் மாட்டிய பிறகு வெளியிலிருந்து தெரியாது. கழற்றி வைத்து உள்பக்கம் கையை விட்டுத் தடவிப் பார்த்தால் கருப்புப் பொடி ஒட்டும், அது வெந்த சுவரின் பொடி. அப்படிப்பட்ட டயரை நூற்றைம்பது வேகத்தில் நம்ப முடியாது.

குடந்தை_ரோட்ஸ்டர்
எல்லாருக்கும் நன்றி. 17 இன்ச்சுக்கு இறங்குகிறேன். திருச்சியில் ஒருவரிடம் ஈ90 ரிம் நான்கு இருக்கிறது, ஒன்றை மாட்டிப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். பொருந்தினால் எம்சி6, தேதி இந்த வருஷத்தினதாக இருந்தால் மட்டும். கேம்பர் பின்னையும் அன்றைக்கே எடுத்துவிடலாமா? பழைய 18 ரிம்மை விற்றுவிடவா, வைத்துக்கொள்ளவா?

கோவை_மூன்றாம்கியர்
பின்னை எடுத்துவிட்டுத்தான் அலைன்மென்ட். இல்லையென்றால் இரண்டு தடவை காசு.

டயர்க்கடை_தஞ்சை
ரிம்மை விற்காதீர்கள். நாளைக்கு வண்டியைக் கொடுக்கும்போது வாங்குகிறவர் ஒரிஜினல் ரிம் எங்கே என்றுதான் முதலில் கேட்பார். டயரைக் கழற்றிவிட்டு ரிம்மை மட்டும் பழைய போர்வையில் சுற்றி வையுங்கள், அந்தச் செத்த ரன்ஃப்ளாட்டைச் சேர்த்து வைத்து இடத்தை அடைக்காதீர்கள்.

மழை தொடங்குமுன், புரட்டாசி இரண்டாவது வாரம் வாருங்கள். வரும்போது லாக் போல்ட் சாவி இருக்கிறதா என்று பழைய ஓனரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அது இல்லாமல் வந்தால் முதல் சக்கரத்தைக் கழற்றவே அரை நாள் போய்விடும்.

குடந்தை_ரோட்ஸ்டர்
கேட்டுவிட்டேன் அண்ணே. டிக்கியில் டூல் ட்ரேக்கு அடியில் இருக்கும் என்றார். பார்த்தேன், இருக்கிறது.